தேதியா, அம்சமா?

நிரல்மொழியின் அடுத்த பதிப்பைத் திட்டமிட வழி ரெண்டு. நினைத்த அம்சம் முடிந்தால்தான் வெளியீடு என்பது ஒன்று. ஜாவா 9 அப்படித்தான்: மாட்யூல் (நிரலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி) வேலை இழுத்துக்கொண்டே போக, மற்றதெல்லாம் 2017 செப்டம்பர் வரை காத்துக் கிடந்தது. பெர்ல் 6 இன்னும் மோசம். 2000-இல் அறிவித்து, 2015 டிசம்பரில்தான் வந்தது.

மற்றது, தேதி குறித்துவிடுவது. ரஸ்ட் மொழி 6 வாரத்துக்கு ஒரு பதிப்பு, பைதான் வருடாவருடம் அக்டோபரில். தயாராகாத அம்சம் அடுத்த பஸ்ஸில் வரும், அவ்வளவுதான்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதும் கோவை சரவணம்பட்டிக்காரர்களுக்கு எது தோது? என் ஓட்டு தேதிக்கே. அக்டோபரில் தீபாவளி போனஸ் கணக்கு ஓடும். அப்போது சர்வரில் கை வைத்தால் முதலாளி சும்மா விடமாட்டாருங்க. தேதி முன்னாடியே தெரிவதால், புதுப் பதிப்புக்கு மாறுவதைப் பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளலாம்.