நாலரை அடி லேத்துக்கு எந்த மோட்டார்?

பழைய லேத்தை (கடைசல் இயந்திரம்) வீட்டுக்கு இறக்கிய அன்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் துருவைப் பற்றியே பேசினார்கள். துருவெல்லாம் ஒரு விஷயமே இல்லை. டீசல், வயர் பிரஷ், ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, முடிந்தது. தலைவலி மோட்டார்தான். பட்டறையிலிருந்து வரும் லேத்தில் பெரும்பாலும் 415 வோல்ட் மூணு பேஸ் மோட்டார் இருக்கும். என்னுடையது பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது: நாலரை அடி பெட் (அடிப்படுக்கை), கோன் புல்லி (பெல்ட்டைப் படி மாற்றிப் போட்டு வேகம் மாற்றும் சக்கரம்), தட்டை பெல்ட், பேக் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் பல்சக்கரம்), 1 எச்.பி. மோட்டார். என் கார் ஷெட்டில் இருப்பதோ 230 வோல்ட் பிளக்.

வீட்டு மீட்டரே மூணு பேஸாக இருந்தால் மேலே படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஷெட் வரை நாலு வயர் இழுத்து, ஸ்டார்ட்டர் வைத்து, மோட்டாரை அப்படியே ஓட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் "ஒரு பேஸ் போயிடுச்சு" என்பது வாரச் செய்தி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் உடனே நிற்காது. மிச்ச ரெண்டில் கூடுதல் கரண்ட் இழுத்துக் காயிலைக் கருக்கிவிடும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

மூணு பேஸ் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார். மலிவு, எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த சரக்கு. ரெண்டு வருஷம் அதில்தான் ஓட்டினேன். வேலை நடந்தது. ஆனால் ஸ்விட்ச் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு முறை மங்கும். அடிக்கடி நிறுத்தி, அளந்து, மறுபடி போட்டால் கெப்பாசிட்டர் சூடேறும். ரிவர்ஸ் போட வேண்டுமானால் முழுக்க நின்ற பிறகுதான். அப்புறம் அந்த அதிர்வு: சிங்கிள் பேஸ் மோட்டாரின் இழுவிசை விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். தட்டை பெல்ட் அதில் பாதியை விழுங்கிக்கொள்கிறது என்பது என் அனுபவம். வி-பெல்ட் இருந்தால், ஃபினிஷிங் கட் எடுத்த தண்டை டியூப் லைட்டில் சாய்த்துப் பாருங்கள், மெல்லிய வரிகள் தெரியலாம்.

மூன்றாவது வழி விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி; கடைக்காரர் வாயில் 'டிரைவ்'. உள்ளே 230 வோல்ட் சிங்கிள் பேஸ் போகும், வெளியே 230 வோல்ட் மூணு பேஸ் வரும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிறிய 415 வோல்ட் மோட்டார்கள் பொதுவாக ஸ்டாரில் (மூணு காயிலின் ஒரு முனையும் ஒரே முடிச்சில்) கட்டியிருக்கும். அதை டெல்டாவுக்கு (மூணு காயிலும் முக்கோணமாக) மாற்றினால்தான் ஒவ்வொரு காயிலுக்கும் சேர வேண்டிய வோல்டேஜ் சேரும். டெர்மினல் பாக்ஸில் ஆறு வயர் இருந்தால் தகடுகளை மாற்றிப் போடுவது அஞ்சு நிமிஷ வேலை. லேத்தோடு வந்த என் பழைய மோட்டாரில் இருந்தது மூணு. ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்து கிடந்தது. காயில் கட்டுபவரிடம் கொண்டு போனேன். வார்னிஷைச் சூடு காட்டி இளக்கி, முடிச்சைப் பிரித்து, மூணு புது வயரை வெளியே எடுத்துக் கொடுத்தார். மோட்டார் பழசு என்றால் அவரிடமே இன்சுலேஷனையும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவ் வந்த பிறகு லேத்தின் குணமே மாறிவிட்டது. மெதுவாகக் கிளம்புகிறது, விளக்கு மங்குவதில்லை, கட் ஓடும்போதே குமிழைத் திருப்பி வேகத்தைச் சரிசெய்யலாம். ஆனால் "இனி பேக் கியர் எதற்கு, பெல்ட் மாற்றுவது எதற்கு?" என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. 200 மி.மீ. வார்ப்பிரும்புத் தட்டை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில், நிமிஷத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் முகப்பு கடைய ஸ்பிண்டில் (வேலைப்பொருளைச் சுற்றும் தண்டு) நிமிஷத்துக்குச் சுமார் 32 சுற்றுதான் சுற்ற வேண்டும். பேக் கியர் போடாமல் என் லேத்தின் குறைந்த வேகம் 200 என்றால், டிரைவை வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து 8 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். அப்போது அந்த 1 எச்.பி.யில் கையில் இருப்பது ஆறில் ஒரு பங்குதான். டூல் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தாடைப் பிடி) நின்றுவிடும். பின்னால் இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் வேறு சூடேறும். பேக் கியர் போட்டால் அதே 32 சுற்றில் கிட்டத்தட்ட முழுச் சக்தியும் டூலுக்கு வரும். டிரைவை பெல்ட், கியர் படிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப வையுங்கள், படிகளுக்குப் பதிலாக அல்ல.

இன்னொன்று நானே பட்டுத் தெரிந்துகொண்டது. பழைய லேத்தில் சக் ஸ்பிண்டில் மரையில்தான் ஏறும். ஆர்வக் கோளாறில் டிரைவில் நிறுத்தும் நேரத்தை அரை விநாடி என்று வைத்தேன். ஸ்பிண்டில் சட்டென நின்றது, கனமான நாலு தாடை சக் நிற்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் சக்குக்கும் ஸ்பிண்டில் தோளுக்கும் நடுவே ஒரு நகக்கண் இடைவெளி. இன்னும் ரெண்டு சுற்று கழன்றிருந்தால் என் காலில்தான். இப்போது நாலு விநாடி. ரிவர்ஸில் கட் எடுப்பதே இல்லை.

பழைய டிரம் ஸ்விட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவிடாதீர்கள், டிரைவ் போய்விடும். அதன் வயர்களை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்குக் கொண்டு போனால் பழைய கைப்பிடியே ஃபார்வேர்டு, ரிவர்ஸ் வேலையைச் செய்யும். டிரைவை இரும்புத் தூள் புகாத பெட்டியில் வையுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும், மூடியைத் திறக்குமுன் பத்து நிமிஷம் பொறுங்கள்.

டிரெட்மில் மோட்டாரைச் சிலர் சொல்கிறார்கள். தகட்டில் எழுதிய எச்.பி. அதன் உச்ச வேகத்தில்தான் கிடைக்கும். வேகம் இறங்கினால் சக்தியும் இறங்கும். திறந்த கூடு என்பதால் இரும்புத் தூளும் உள்ளே போகும். சும்மா கிடைத்தாலும் லேத்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

மாசத்துக்கு ரெண்டு புஷ் (உருளை வளையம்) கடைகிறவருக்கு சிங்கிள் பேஸ் மோட்டாரே போதும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மரை வெட்டுகிறவர், வாரம் முழுக்க ஷெட்டில் கிடக்கிறவர் டிரைவுக்குப் போகலாம். என்னிடமிருந்து கழன்ற சிங்கிள் பேஸ் மோட்டார் இப்போது சாணைக்கல்லைச் சுற்றுகிறது. ஒரே வேகம், ஒரே திசை. அந்த வேலைக்கு அது கச்சிதம்.