சிறுத்தைக்கு யால, காட்டுக்கு வில்பத்து

இலங்கையில் ஒரு காடு பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, யாலவா வில்பத்துவா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சிறுத்தை கண்ணில் படாவிட்டால் போன காசு வீண் என்று நினைப்பீர்களா? ஆமென்றால் யாலவுக்குப் போங்கள்.

இரண்டும் 1938இல் தேசியப் பூங்காவானவை. யாலவின் மொத்தப் பரப்பு 979 சதுர கி.மீ. ஆனால் திஸ்ஸமஹாராமப் பக்கமிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவது அதன் முதலாம் பிரிவை மட்டுமே. அது சுமார் 141 சதுர கி.மீ. பற்றைக்காடும் மொட்டைப் பாறைகளும் கடலும் சேர்ந்த இடம். உலகிலேயே சிறுத்தை அடர்த்தி மிகுந்த காடுகளில் ஒன்று. பாறைமேல் படுத்துக் கிடந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு சாரதி கண்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தகவல் போய்விடும். புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப்கள் வந்து முட்டும். சிறுத்தை பார்க்கப் போய் முன் ஜீப்பின் பின்சில்லைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

வில்பத்து 1,317 சதுர கி.மீ.; நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. போர் காரணமாக 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. இங்கே பாதை அடர்ந்த மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் ஓடும். சிறுத்தை பத்தடியில் நின்றாலும் இலை மறைத்துவிடும். திடீரென்று மரங்கள் விலகி ஒரு 'வில்லு' வரும்: மணற்கரை சூழ, மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைப் பள்ளம். மான்களும் கொக்குகளும் முதலைகளும் அங்கேதான். எஞ்சினை நிறுத்தினால் பறவைச் சத்தம் மட்டும். சிறுத்தை வந்தால், பெரும்பாலும் அது உங்களுக்கு மட்டுமே வரும். என் வாக்கு இதற்குத்தான்.

யானை மட்டும் போதும், கூடவே சின்னப் பிள்ளைகள் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு உடவளவைக்குப் போங்கள். வெட்டவெளிப் புல்லில் எந்த மாதமும் யானை நிற்கும்.

கதிர்காமம் போகிற திட்டம் இருந்தால் கணக்கு மாறும், யால பக்கத்திலேயே இருக்கிறது. உகந்தையிலிருந்து பாதயாத்திரை போகும் நம்மவர்கள் குமண, யாலக் காடுகளை ஜீப் இல்லாமலே கடக்கிறார்கள் என்பது வேறு கதை. வறட்சி காரணமாக முதலாம் பிரிவை வழக்கமாகச் செப்டெம்பரை ஒட்டிச் சில வாரங்கள் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அனுராதபுரத்துக்கு மேற்கே இருக்கும் வில்பத்துதான் கிட்ட.

வில்பத்துவுக்கு அரை நாள் ஜீப் பேசாதீர்கள். தூரத்திலேயே நேரம் போய்விடும். சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு விடிய ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள். ஜூன், ஜூலையில் போனால் பாலை மரங்களை அண்ணாந்து பாருங்கள், பழம் தின்னக் கரடி ஏறியிருக்கும்.