ஆரக்கிள் டைரக்டரி ஆப்ஜெக்ட்: பல வருடம் புழங்கிய பிறகு

இரவில் ஓடும் சிஎஸ்வி ஏற்றுமதி, எக்ஸ்டர்னல் டேபிள் (வெளியே உள்ள ஃபைலை டேபிள் போலப் படிப்பது), டேட்டா பம்ப் (ஆரக்கிளின் ஏற்றுமதி-இறக்குமதிக் கருவி) பேக்கப் என்று ஆரக்கிள் டேட்டாபேஸில் ஃபைல் சம்பந்தப்பட்ட வேலைகளை எல்லாம் டைரக்டரி ஆப்ஜெக்ட், அதாவது சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு டேட்டாபேஸுக்குள் வைக்கும் பெயர், வழியாகத்தான் பல வருடங்களாகச் செய்கிறேன். இதை விட்டு வேறு வழிக்குப் போக எனக்கு மனமில்லை.

முன்பு ஃபோல்டர் பாதைகளைப் பட்டியலிடப் பயன்பட்ட யூடிஎல்_ஃபைல்_டிர் பாராமீட்டரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதில் ஒரு பாதையைச் சேர்த்தால் யூடிஎல்_ஃபைல் பேக்கேஜை (ஃபைலைப் படிக்க, எழுத ஆரக்கிள் தரும் புரோகிராம் தொகுப்பு) இயக்க முடிந்த எல்லா யூசருக்கும் அந்த ஃபோல்டர் திறந்துவிடும். சேர்ப்பதற்கும் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். ஆரக்கிள் 18சி பதிப்பில் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம்.

டைரக்டரி ஆப்ஜெக்டில் பாதைக்கு ஒரு பெயர் வைக்கிறோம், அந்தப் பெயரின் மேல் யாருக்கு ரீட், யாருக்கு ரைட் என்று தனித்தனியாக கிராண்ட் (அனுமதி) கொடுக்கிறோம். புரோகிராமில் பாதை எங்கும் வராது. டிஸ்க் மாறினால் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' ஒரு வரி போதும். கொடுத்த கிராண்ட் எல்லாம் அப்படியே இருக்கும், கோடில் கை வைக்க வேண்டாம். எனக்குப் பெரிய நிம்மதி இதுதான்.

ஆனால் கிராண்ட் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. உருவாக்கும்போது அந்த ஃபோல்டர் உண்மையில் இருக்கிறதா என்று டேட்டாபேஸ் பார்ப்பதே இல்லை. ஃபைலைத் திறக்கும் நேரத்தில்தான் ஓஆர்ஏ-29283 என்ற பிழை வந்து நிற்கும். புதிதாக வருபவர்கள் உடனே கிராண்டைத் தேடுவார்கள். நான் முதலில் சர்வரில் ஆரக்கிள் ஓஎஸ் யூசராக (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஆரக்கிள் ஓடும் கணக்கு) நுழைந்து, அந்த ஃபோல்டரில் ஒரு வெற்று ஃபைலை உருவாக்கிப் பார்ப்பேன். அது தோற்றால் பிரச்சினை ஓஎஸ் பர்மிஷனில் இருக்கிறது, கிராண்டை நோண்டிப் பயனில்லை. ஓஆர்ஏ-29280 பிழை வந்தால், ஃபைலைத் திறக்கும் எஃப்ஓபன் அழைப்பில் டைரக்டரியின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கோளுக்குள் வரும் பெயரைப் பெரிய எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். பாதை சர்வரில் இருப்பது, உங்கள் லேப்டாப்பில் இருப்பதல்ல என்பதையும் ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு உண்மையான கவலை டைரக்டரி ஆப்ஜெக்டை உருவாக்க விடும் 'கிரியேட் எனி டைரக்டரி' உரிமை பற்றித்தான். எந்த யூசரின் ஸ்கீமாவில் உருவாக்கினாலும் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸின் தலைமை யூசரான சிஸ்-க்கே சொந்தம். ஆனால் உருவாக்கியவருக்கு ரீட், ரைட் இரண்டும் தானாகவே கிடைத்துவிடும். ஆரக்கிள் ஓஎஸ் யூசர் எழுதக்கூடிய எந்த இடத்தையும், டேட்டாஃபைல் இருக்கும் ஃபோல்டரைக்கூட, அவர் சுட்டிவிடலாம். இது வீட்டின் கொத்துச்சாவியைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி. டெவலப்பர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் இதைக் கொடுக்காதீர்கள். வேண்டிய டைரக்டரியை டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) உருவாக்கித் தரட்டும். எக்ஸ்டர்னல் டேபிளில் ப்ரீபிராசஸர் (ஃபைலைப் படிக்கும் முன் ஓடும் ஸ்கிரிப்ட்) பயன்படுத்தினால், எக்ஸிக்யூட் கொடுத்த டைரக்டரியில் யாருக்கும் ரைட் இருக்கக் கூடாது. இல்லையென்றால் ஸ்கிரிப்டையே மாற்றி எழுதிவிட முடியும். டைரக்டரிகளைக் காட்டும் டிபிஏ_டைரக்டரிஸ், கிராண்டுகளைக் காட்டும் டிபிஏ_டேப்_பிரிவ்ஸ் இரண்டையும் சேர்த்து அவ்வப்போது ஒரு பட்டியல் எடுத்துப் பார்ப்பேன்.

குறை என்று சொன்னால், உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களுக்குக் கிராண்ட் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஜெக்ட் வேண்டும். ஒரே ஃபோல்டரில் இந்த ஃபைல் மட்டும் இவருக்கு என்று பிரிக்கவும் வழியில்லை. ஆர்ஏசி (ஒரே டேட்டாபேஸ் பல சர்வர்களில் ஓடும் அமைப்பு) என்றால் எல்லா நோடிலும், அதாவது எல்லா சர்வரிலும், ஒரே பாதை தெரியும்படி ஷேர்டு ஸ்டோரேஜ் வைத்துவிடுங்கள். டைரக்டரி பாதையில் சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வைத்திருப்பவர்கள் 18சி-க்கோ அதற்கு மேலோ போகும் முன் அசல் பாதைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.