களம் நிறைந்த பிறகு என்ன வேகம்? மலிவு எஸ்எஸ்டிகள் பற்றி ஒரு கல்யாண வீடியோக்காரன்

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வது என் தொழில். எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிரைவ், வாங்கும்போது எனக்கு ஒரே கேள்விதான்: முகூர்த்தத்தில் எடுத்ததை அடுத்த நிகழ்ச்சிக்குள் காப்பி எடுத்து முடிக்க முடியுமா?

4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் இரண்டரை மணி நேரம் என்றால் 225 ஜிபி. முதல் காப்பி லேப்டாப்பில், இரண்டாவது வெளி டிரைவில். இரண்டும் முடிந்த பிறகுதான் கேமராவின் மெமரி கார்டை அழிப்பேன். இதில் மட்டும் நான் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

போன ஆவணியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். மத்தியானப் பந்தி முடிந்ததும் கல்லிடைக்குறிச்சியில் மறுவீடு. கையில் இருந்தது ஒரு 1 டிபி என்விஎம்இ டிரைவ் (வேகமான வகை எஸ்எஸ்டி), யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டது. விலை குறைவு, அட்டையில் பெரிய பெரிய எண்கள். அதில் ஏற்கனவே 700 ஜிபி பழைய வேலைகள் கிடந்தன. லேப்டாப்பிலிருந்து இரண்டாவது காப்பி போட்டதும் வேகம் நொடிக்கு 800 எம்பிக்கு மேல் நின்றது (இனி வேகம் எல்லாமே நொடிக்கு எம்பி கணக்குதான்). நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அறுபது ஜிபி சொச்சம் போனதும் விண்டோஸின் பச்சைக் கோடு ஒரே சரிவாக விழுந்து எழுபத்தைந்தில் படுத்துவிட்டது.

"அண்ணாச்சி, இன்னும் நாப்பது நிமிஷம் காட்டுது" என்று தம்பி பந்திக்கே வந்து சொன்னான். வெளியே வேன் ஸ்டார்ட் செய்தாகிவிட்டது. காலியாக இருந்தது ஒரு பழைய 32 ஜிபி கார்டு மட்டும். ஒரு கேமராவை மூடி வைத்துவிட்டு அந்தக் கார்டோடு போனோம். மாப்பிள்ளையின் ஆச்சி பொண்ணுக்குத் திருநீறு பூசி ஆசீர்வாதம் செய்யும் முன்பே அது நிறைந்துவிட்டது. அந்தக் காட்சிக்குப் புகைப்படம் இருக்கிறது, வீடியோ இல்லை. அந்த வீட்டில் அதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? பிசானம் அறுவடை சமயத்தில் நெல் வண்டி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். களம் காலியாக இருந்தால் வண்டிக்காரர் கொட்டிவிட்டு உடனே திரும்பிவிடுவார். அப்புறம் ஆட்கள் நிதானமாக அள்ளிக் குதிருக்குள் போடுவார்கள். களம் நிறைந்துவிட்டால் அடுத்த வண்டி ரோட்டில்தான் நிற்கணும். எஸ்எஸ்டியில் எஸ்எல்சி கேஷ் என்பது அந்தக் களம். எஸ்எஸ்டி சிப்பில் டேட்டா நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான் செல்கள். டிஎல்சி வகைச் சிப்பில் ஒரு செல்லுக்கு மூன்று பிட், க்யூஎல்சி வகையில் நான்கு பிட் அடைக்க வேண்டும். நுணுக்கமான வேலை, நேரம் எடுக்கும். அதனால் டிரைவ் காலி இடத்தில் ஒரு பகுதியை எடுத்து, செல்லுக்கு ஒரே பிட்டாக மளமளவென்று எழுதிக்கொள்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் அதை அடுக்கி அடைக்கிறது.

பல மலிவு டிரைவ்களில் இந்தக் களத்துக்கென்று தனி இடம் அதிகம் கிடையாது, காலி இடமே களம். 1 டிபி க்யூஎல்சி முழுக்கக் காலியாக இருந்தால், நான்கில் ஒரு பங்கு, அதாவது 250 ஜிபி வரைகூடக் கேஷாக ஆகலாம். என்னுடையதில் 300 ஜிபி காலி, அதனால் 75 ஜிபிக்கு மேல் கேஷுக்கு வாய்ப்பே இல்லை. புதிதாக வாங்கிய அன்று நன்றாக ஓடிய டிரைவ் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

களம் நிறைந்த பிறகு வரும் வேகத்தை வெளிப்படையாகச் சொல்லும் கம்பெனிகள் குறைவு. சாம்சங் சொல்கிறது, அதனால் அதை வைத்தே ஒப்பிடுகிறேன். 870 க்யூவிஓ, 870 ஈவிஓ, இரண்டும் 1 டிபி, இரண்டும் சாட்டா (என்விஎம்இ-க்கு முந்தைய இணைப்பு வகை), இரண்டிலும் கேஷ் 42 ஜிபி, அட்டையில் எழுதும் வேகம் இரண்டுக்கும் 530. கேஷ் தீர்ந்த பிறகு டிஎல்சி ஈவிஓ அதே 530-இல் நிற்கிறது. க்யூஎல்சி க்யூவிஓ 80-க்கு இறங்குகிறது. 200 ஜிபி எழுத ஈவிஓவுக்கு ஆறரை நிமிஷம் போதும், க்யூவிஓவுக்கு முப்பத்தைந்து நிமிஷம் பக்கம் ஆகும். உத்தரவாதமும் அப்படியே: ஈவிஓவுக்கு 5 வருஷம் அல்லது மொத்தம் 600 டிபி எழுதும் வரை; க்யூவிஓவுக்கு 3 வருஷம் அல்லது 360 டிபி. க்யூவிஓவைக் குறை சொல்லவில்லை. முடிந்த கல்யாணங்களைப் போட்டுவைத்து எடுத்துப் பார்க்க அது நல்ல டிரைவ்.

மலிவு என்விஎம்இ வரிசையில் க்ரூசியல் பி3 க்யூஎல்சிதான். 3,500 படிக்கும், 3,000 எழுதும் என்பதெல்லாம் களம் காலியாக இருக்கும் வரைக்கும். கிங்ஸ்டன் என்வி2-வில் ஒரே பெயரில் வெவ்வேறு சிப்கள் வந்திருக்கின்றன, டிஎல்சியும் உண்டு, க்யூஎல்சியும் உண்டு. க்ரூசியல் பி2 2021-இல் பெயர் மாறாமலே டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்குப் போனது. அதனால் பழைய விமர்சனத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடையில் "கேஷ் இருக்கா?" என்று கேட்டால் பல பேர் டிரைவுக்குள் இருக்கும் டிரேம் என்ற தற்காலிக நினைவகச் சிப்பைச் சொல்வார்கள். அது வேறு, எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்ற கணக்குப் புத்தகம் மாதிரி. டிரேம் இல்லாத என்விஎம்இ டிரைவ் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் அந்தக் கடன் கிடைக்காது. வெளி டிரைவாக வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

சோதிக்கும் விதமும் முக்கியம். வேகம் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருள் வழக்கமாக 1 ஜிபி கோப்பில்தான் பார்க்கிறது. அந்த எண் களத்தைத் தாண்டுவதே இல்லை. டிரைவை முக்கால்வாசி நிரப்பிவிட்டு, 150 ஜிபி உள்ள உண்மையான கல்யாண ஃபோல்டரை லேப்டாப்பிலிருந்து காப்பி போட்டுப் பாருங்கள். கார்டிலிருந்து நேராகப் போட்டால் தெரியாது. சாதாரண யுஹெச்எஸ்-1 வகை மெமரி கார்டே 90 பக்கம்தான் கொடுக்கும், அந்த வேகத்துக்கு க்யூஎல்சியும் ஏறக்குறைய ஈடுகொடுத்துவிடும். ஒரே கார்டு, ஒரே காப்பி என்று வேலை செய்கிறவருக்கு மலிவு டிரைவே போதும் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு கார்டை ஒரே நேரத்தில் செருகினால் கதை மாறிவிடும்.

நான் கடைசியில் வாங்கியது 870 ஈவிஓ 1 டிபி, ஒரு சாதாரண யுஎஸ்பி 3.0 பெட்டியில். பெட்டியின் வரம்பினால் 430 பக்கம்தான் வருகிறது, ஆனால் கடைசி ஜிபி வரைக்கும் அதே 430. கூடக் கொடுத்த பணத்துக்கு எனக்கு வருத்தம் இல்லை. போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாணம், அதே 225 ஜிபி. தம்பி லேப்டாப்பிலிருந்து இரண்டாவது காப்பியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். ஒன்பது நிமிஷத்தில், பாயசம் இலைக்கு வரும் முன்பே, இரண்டு கார்டும் காலியாகி என் சட்டைப் பையில் இருந்தன.