பழைய காரும் ஈரமான கார்ப்பெட்டும்: 20 மாதக் கணக்கு

ஜிஎஸ்டி குறைந்த நாளிலிருந்து என் மச்சினன் வாரத்துக்கு ஒரு போன் போடுகிறான். "மாமா, புதுசு எடுக்கட்டுமா, உங்களை மாதிரி செகண்ட்ஸ் பாக்கட்டுமா?" ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன், அந்த வாரம் வண்டி என்னிடம் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பொறுத்து. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

2024 மார்ச்சில் எடுத்தது. 2019 மாடல், 998 சிசி பெட்ரோல், ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர். சென்னையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் இதே வண்டி நாலு நிற்கும். விலை 3,15,000. பெயர் மாற்றம், புரோக்கர் கை எல்லாம் சேர்த்து 6,000. நாலு டயரும் மொழுக்கென்று இருந்தன, 15,600. பேட்டரி 4,400. ஆறாவது மாதம் கிளட்ச் போனது, 11,000. முதல் வருட இன்ஷூரன்ஸ் 8,500. இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. முந்தைய ஓனர் ஐந்து வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போடாதவர், அதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், வண்டியோடு எனக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வராதாம். அது ஆளோடு போகிற சமாச்சாரம், அவர் தன் புது வண்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக மொத்தம் 3,60,000 சொச்சம். கடன் கேட்டபோது பழைய வண்டி என்றதும் 13.5 சதவீதம் என்றார்கள், மனைவியின் வளையல் நாலும் நகைக்கடனுக்குப் போய்த் திரும்பி வந்தது தனிக்கதை.

அப்போது இதே வகைப் புது வண்டி ஷோரூம் விலை 5,40,000, அதற்கு 13 சதவீதம் சாலை வரி, இன்ஷூரன்ஸ், எல்லாம் சேர்த்து 6,40,000-ஐத் தாண்டியது. 2,80,000 மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி கார்ப்பெட் கதை.

எடுத்து மூன்றாவது மாதம், ஜூன் வெயில், மழையே இல்லை. முன்பக்கம் இடது சீட்டில் உட்கார்ந்த மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, "என்னங்க, இங்க ஈரமா இருக்கு" என்றாள். மேட்டைத் தூக்கினேன். கார்ப்பெட் ஊறிப்போயிருந்தது, அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது, கூடவே ஒரு முடை நாற்றம், துவைத்துப் பிழியாமல் பக்கெட்டில் மறந்துபோன துணி மாதிரி. அப்போதுதான் ஆர்சி புத்தகத்திலிருந்த முகவரி ஞாபகம் வந்தது. பள்ளிக்கரணை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பள்ளிக்கரணை வெள்ளத்தில் எப்படிக் கிடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போதே கேட்டிருந்தேன். "வேளச்சேரி மேம்பாலத்து மேல நிறுத்திட்டேன் சார், ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல" என்றார் அந்த மனிதர். மேம்பாலம் முழுக்க வரிசையாகக் கார்கள் நின்றதை டிவியில் பார்த்திருந்ததால் நம்பிவிட்டேன். அந்த வரிசையில் இந்த வண்டி இருந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

அன்று இரவு டார்ச் லைட்டோடு வண்டிக்குள் ஒரு மணி நேரம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தேன், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். தெரியவில்லை. ஸ்டெப்னி கிடக்கும் குழியில் கொஞ்சம் மணல். சீட் ரெயில் போல்ட்டில் லேசான துரு. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கடல்காத்து ஊர் சார், எந்த வண்டியிலயும் இது இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்தினார். கரியாகக் கசடு வந்தது, பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர். வெளியே சொட்ட வேண்டிய ஏசித் தண்ணீர் அடைப்பால் உள்ளே வழிந்திருக்கிறது. 350 ரூபாய். புது வண்டியிலும் தூசி சேர்ந்தால் இதே அடைப்பு வரும் என்றார்.

காரணம் தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது. ஆனால் எனக்கு முடியவில்லை. சீட்டெல்லாம் கழற்றி உள்ளே கழுவிக் காயவைக்க 2,800 கொடுத்தேன், கேபின் ஃபில்டர் மாற்றினேன். கார்ப்பெட் அதற்கப்புறம் நனையவே இல்லை, நாற்றம் மட்டும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது, அல்லது எட்டிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மனைவிக்கு வரவில்லையாம். பவர் விண்டோ ஒரு நொடி தாமதமாக இறங்கினால் வெள்ளம். ஹாரன் கரகரத்தால் வெள்ளம். புது வண்டி வாங்கியவனுக்கு ஹாரன் கரகரத்தால் அது வெறும் ஹாரன்தான், கொண்டுபோய் வாரண்டியில் மாற்றிவிட்டு மறந்துவிடுவான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. 20 மாதத்தில் 23,000 கிலோமீட்டர், ஒரு நாள்கூட நடுவழியில் விட்டதில்லை. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 தருகிறது. தி.நகரில் எந்தச் சந்தில் நிறுத்திவிட்டுப் போனாலும் மனசு பதறுவதில்லை, ஏற்கெனவே ஏழு கோடு இருக்கிறது, எட்டாவதும் விழட்டும். பக்கத்து வீட்டுக்காரர் புதுசு எடுத்து மூன்று மாதமாக மழைக்கும் வெயிலுக்கும் உறை போட்டுவிட்டு பைக்கில்தான் ஆபீஸ் போகிறார்.

இப்போது மச்சினன் கேள்விக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் கார்களுக்கு வரி 29-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது (செஸ் என்ற கூடுதல் வரி ஒரு சதவீதத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்). நான் பார்த்த அந்த 5,40,000 அதே விலை என்று வைத்துக்கொண்டால் இன்று 4,94,000. ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டதால் தமிழ்நாட்டுச் சாலை வரியும் 13 இல்லை, 12 சதவீதம்தான். இரண்டும் சேர்ந்து 57,000 இறங்குகிறது. இன்ஷூரன்ஸோடு 5,83,000 என்று வை. ஐந்து வருடம் கழித்து விற்றால் என் ஊகத்தில் அதற்கு மூன்று லட்சம் வரும், தேய்மானம் 2,83,000. என் வண்டிக்கு அந்தக் கட்டத்தில் பத்து வயது, ஒன்றரை வந்தால் சாமிக்குத் தேங்காய் உடைப்பேன், தேய்மானம் 2,10,000. வித்தியாசம் மாதத்துக்கு 1,200 ரூபாய்.

1,200 ரூபாய்! இதற்காகவா நான் ஒவ்வொரு மழைக்கும் குனிந்து மேட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்கிறேன்? போன வாரமும் மழை, போன வாரமும் பார்த்தேன். பணம் மொத்தமாகப் புரட்ட முடியும் என்றால் புதுசு எடு. என் வண்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இருந்தாலும் புதுசு எடு.

இதைப் போனில் படித்துக் காட்டியதும் அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உங்க வண்டிய எனக்குக் குடுத்துட்டு நீங்க புதுசு எடுங்களேன் மாமா, எவ்ளோ சொல்றீங்க?" என்றான்.

"மூணுக்குக் கீழ இறங்க மாட்டேன் மாப்ள. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல" என்றேன்.