வேடந்தாங்கல்: ஒரு சாயங்காலம் முழுக்கக் கொடுங்கள்

சென்னையிலிருந்து கிளம்பி அன்று ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, போன இடத்தில் மனசு லேசாக வேண்டும். இது மூன்றும் கூடிவருகிற இடம் எது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் வேடந்தாங்கலைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போய் அரை மணி நேரத்தில் திரும்ப பஸ் ஏற்றிவிட்ட இடம் என்றுதான் பலருக்கும் இது ஞாபகம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தை வைத்து இந்த ஏரியை எடைபோடாதீர்கள்.

நான் குடியிருப்பது பல்லாவரத்தில். தலைக்கு மேலே விமானம், தெருமுனையில் ஜிஎஸ்டி ரோடு. வேலை ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்ட்டரில். கவலையோடு நிற்கிறவர்களிடம் நாள் முழுக்கப் பணக்கணக்கு பேச வேண்டும். எனக்கு வார விடுமுறை நடுவாரத்தில்தான் வரும். மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஏரியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும், முடிகிறபோதெல்லாம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவேன். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மதகைத் திறந்து மூடுவதும், மழைக்காலத்தில் ராத்திரி கண்விழித்துக் கரையைப் பார்த்துக்கொள்வதும்தான் அவர் பார்த்த உத்தியோகம். ஆகவே நான் பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டு தாண்டி, மதுராந்தகத்துக்கு முன்னால் படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அதற்கப்புறம் வயலும் சின்னச் சின்ன ஏரிகளுமாகத்தான் வழி. சொந்த வண்டி இல்லாதவர்கள் செங்கல்பட்டு வரை ரயிலில் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கலாம். மதுராந்தகத்திலிருந்தும் பஸ் உண்டு. திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வண்டி குறைவு.

டிக்கெட் விலை யாருக்கும் பாரமாக இருக்காது. கேமராவுக்குத் தனியாக வாங்குவார்கள். உள்ளே நுழைந்ததும் ஏரிக்கரைமேல் நடைபாதை, வழி நெடுக மர நிழல், உட்காரப் பெஞ்சுகள், கொஞ்ச தூரத்தில் பார்வைக் கோபுரம். இவ்வளவுதான் வசதி. ஏரியே 30 ஹெக்டேர்தான். சுற்றிப் பார்க்க வேண்டியது என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கான இடம் இது, நடந்து முடித்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சீக்கிரமே சலித்துவிடும்.

நேரம்தான் முக்கியம். காலை ஆறு மணிக்கே கதவு திறக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுவார்கள். விடியற்காலை அழகுதான், ஆனால் பல்லாவரத்திலிருந்து அதற்கு மூன்றரை மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். ஓய்வு தேடிப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் பறவைகளில் பாதி இரைதேடிப் போயிருக்கும். நாங்கள் மூன்றரை மணிவாக்கில் போய்ச் சேருவோம், மூடுகிற வரைக்கும் இருப்போம். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் இந்த மதிப்புரையே.

தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்பும் கருவேலமும்தான் இங்கே பறவைகளின் ஊர். கிளைகள் எச்சத்தால் வெள்ளை பூசினமாதிரி இருக்கும். ஒரே மரத்தில் மேல்மாடி மஞ்சள் மூக்கு நாரைக்கு, நடுவில் நத்தைகுத்தி நாரை, கீழ்க்கிளைகளில் நீர்க்காகம், வெள்ளைக்கொக்கு என்று குடித்தனம் நடக்கும். சண்டையும் உண்டு. பக்கத்துக் கூட்டிலிருந்து சுள்ளியை உருவிக்கொண்டு போகிற நீர்க்காகத்தை நீங்களே பார்ப்பீர்கள். இரைச்சல் நிறைய. குஞ்சுகளின் கீச்சு, அலகு அடிக்கிற சத்தம், பெரிய இறக்கை காற்றை வெட்டுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். அதில் ஒன்றாவது நம்மை எதுவும் கேட்பதில்லை. ஹாரனும் போன் மணியும் நம்மை நோக்கி வருகிற சத்தங்கள். இங்கே கேட்பது நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஊரின் பேச்சு. கால் மணி நேரத்தில் தோள்பட்டை தானாக இறங்கிவிடும்.

ஒரு பறவையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் பாருங்கள். நத்தைகுத்தி நாரையைச் சொல்வேன், நிறைய இருக்கும், சுலபமாகக் கண்ணில் படும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையின் ஓட்டை அது உடைப்பதில்லை. கீழலகின் கூர்முனையை மூடிக்கும் ஓட்டுக்கும் நடுவே நுழைத்து, உள்ளே பிடித்திருக்கிற தசையை அறுத்து, சதையை முழுசாக வெளியே இழுத்துவிடும். குஞ்சுகளுக்கு அந்தச் சந்து இருக்காது, அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் விரியும். பைனாகுலரில் ஒரு கூட்டைப் பிடித்துக்கொண்டு தாயின் அலகையும் குஞ்சின் அலகையும் மாறி மாறிப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. மஞ்சள் மூக்கு நாரை வெயில் உறைக்கிற நேரத்தில் குஞ்சுகளுக்கு இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கூழைக்கடாவின் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையைக் கழுத்து வரைக்கும் விட்டு மீனை எடுக்கும். முதல்தடவை பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. கரண்டிவாயன் ஆழமில்லாத ஓரத்தில் அலகைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் துழாவும்.

ஐந்து மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள். இரைதேடிப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். நாரைகள் உயரத்திலேயே இறக்கையை விரித்தபடி வட்டமடித்து, காலைத் தொங்கவிட்டு இறங்கும். பகலெல்லாம் இலைக்குள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்கிய வக்கா என்கிற ராக்கொக்குகள் அந்த நேரத்தில்தான் ஒவ்வொன்றாக வெளியே கிளம்பும். ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு நைட் ஷிஃப்ட் மாறுவதைப் பார்த்தே பழகிய எனக்கு, இந்த ஷிஃப்ட் மாறுவதைப் பார்ப்பதில் சொல்லி முடியாத சந்தோஷம்.

அப்பா முதலில் பார்ப்பது தண்ணீர் மட்டத்தை. நிரம்பிய ஏரி வழிந்து வெளியேறுகிற கலங்கல் வரைக்கும் வந்ததா, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் தூர்ந்திருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. அது வெறும் பழக்கதோஷம் இல்லை, பறவைக்கும் அதுதான் கணக்கு. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனையும் கீரியும் கூட்டுக்குப் போக முடியாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம் இங்கே வந்தால் காய்ந்த தரையும் வெறும் மரமும்தான் இருக்கும், சரணாலயத்தையும் மூடி வைத்துவிடுவார்கள். எனவே மழை எப்படி என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். நவம்பர், டிசம்பரில் கொக்கும் நீர்க்காகமும் நத்தைகுத்தியும் கூடு கட்டிக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து வலசை வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் குளிர் மாதங்களில் திறந்த நீரில் மிதக்கும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முழுக்கக் குஞ்சுகளின் காலம். எனக்குப் பிடித்தது பிப்ரவரிதான்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் வேடந்தாங்கலைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது, 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. ஊராருக்கு இதில் கைகண்ட பலன் இருந்தது. எச்சம் விழுந்த தண்ணீர் உரமேறிய தண்ணீர், மதகு வழியாக அது வயலுக்குப் போகிறது. “அந்தத் தண்ணி பாய்ஞ்ச நெல்லுக்கு யூரியா என்னாத்துக்கு பாப்பா?” என்று அப்பா அடித்துச் சொல்வார். ஆனால் கணக்குப் பார்த்து மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரு ஊர் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்தாமல் இருக்காது. குழந்தைகள் கேட்டு அழுதிருப்பார்கள், கல்யாண ஊர்வலத்துக்கு ஆசைப்பட்டிருப்பார்கள். அதையெல்லாம் விட்டுக்கொடுத்துத்தான் இந்த அமைதியை இவர்கள் வைத்திருக்கிறார்கள். நாம் அதில் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். எனக்கு அவர்கள்மேல் இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

அதனால்தான் கூட்டமாக வந்து சத்தம் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. ஒருமுறை ஒரு சுற்றுலா வேனில் வந்து இறங்கியவர்கள் கரையில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பறவை எழும்பிப் பறந்தால் படம் நன்றாக வரும் என்று ஒருவர் கைதட்டிக்கொண்டே இருந்தார். கூட்டிலிருந்து தாய் எழுந்தால் குஞ்சுக்கு வெயில், முட்டைக்குக் காகம். அப்பா போய்ப் பக்குவமாகச் சொன்னதும் நிறுத்தினார்கள். சனி, ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் இங்கே திருவிழாக் கூட்டம். குழந்தைகள் ஆசையாகப் பார்க்க வருகிற நாட்கள், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வுக்காகப் போகிறவர்கள் ஒரு நாள் லீவு போட்டாவது வாரநாளில் போங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. இந்தப் பறவைகளுக்கு ஏரி வீடு மட்டும்தான், சாப்பாடு சுற்றுவட்டார வயல்களிலும் குளம் குட்டைகளிலும். அதற்காகத்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயப் பகுதியாக அறிவித்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. படாளத்திலிருந்து உள்ளே வரும்போது வயலில் நிற்கிற நாரையைப் பார்த்தால் அந்தத் தூரத்தின் அருமை புரியும். வண்டியை அங்கேயே மெதுவாக ஓட்டுங்கள், பாதிப் பறவைகளை ரோட்டோரத்திலேயே பார்த்துவிடலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பைனாகுலர், தண்ணீர், தொப்பி. வாசலில் பைனாகுலர் வாடகைக்குக் கிடைப்பதுண்டு, ஆனால் சொந்தமாக ஒன்று இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற 8x42 போதும். போன் கேமராவை நம்பிப் போகாதீர்கள், மரங்கள் தூரத்தில் இருக்கின்றன, வெள்ளைப் புள்ளிகள்தான் விழும். போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். பளீரென்ற சிவப்பு, மஞ்சள் உடுப்பு வேண்டாம். சாப்பாட்டுக்கு அங்கே பெரிய ஓட்டல் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாசல் பக்கம் வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரிக்காய் விற்கிற அம்மாக்களிடம் வாங்குங்கள், அந்தக் காசு இந்த ஊருக்குப் போகும். நாங்கள் புளிசாதமும் அப்பளமும் கட்டிக்கொண்டு போய் வண்டியிலேயே முடித்துக்கொள்வோம். கரைக்கு எதையும் எடுத்துப் போவதில்லை.

வயதானவர்களுக்குத் தோதான இடம். ஏற்றம் இல்லை, பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து போகலாம். அப்பா முழங்கால் வலியோடு கோபுரம் ஏற மாட்டார், கீழேயிருந்தே எல்லாம் தெரிகிறது என்பார். அது உண்மைதான். ஓடி விளையாட வேண்டிய வயதுக் குழந்தைகளுக்கு இரண்டரை மணி நேரம் அதிகம். அவர்களுக்குப் பறவைப் படம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, பார்த்ததையெல்லாம் டிக் அடிக்கச் சொன்னால் தாக்குப்பிடிப்பார்கள்.

வேடந்தாங்கலில் கூட்டமாக இருந்தால் கரிக்கிலிக்கு வண்டியைத் திருப்புங்கள். பத்து கிலோமீட்டருக்குள்தான். மழைத்தண்ணீரை நம்பியிருக்கிற இரண்டு ஏரிகள், 61 ஹெக்டேர், வாத்தும் உள்ளான்களும் அதிகம். வசதி ஒன்றுமில்லை, ஆளும் இருக்க மாட்டார்கள். 2022-ல் வேடந்தாங்கலோடு சேர்த்து இதையும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு வேடந்தாங்கலே சரி. கூடும் குஞ்சும் அங்கேதான் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கிடைக்கும். பறவை பார்த்துப் பழகியவர்களுக்குக் கரிக்கிலிதான் பிடிக்கும்.

திரும்பும்போது மதுராந்தகம் வழியாக வந்தால் அங்கே ஏரிகாத்த ராமர் கோயில் இருக்கிறது. மழை வெள்ளத்தில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதை ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் பார்த்தார் என்று சொல்வார்களே, அவர் வேடந்தாங்கல் பறவைகளுக்கு எழுதிக்கொடுத்த அதே பிளேஸ் துரைதான். தாயார் சந்நிதியில் கல்லில் அவர் பெயரே இருக்கிறது. அப்பா அந்தக் கதையை மழை ராத்திரியில் கரையில் நின்ற தன் அனுபவத்தோடு சேர்த்துத்தான் சொல்வார். ஏரி மூடி ஆறு மணிக்குக் கிளம்பினால் தரிசனத்துக்கு நேரம் இருக்கும். அதற்குப் பிறகு மதுராந்தகத்திலேயே டிபன் முடித்துவிடுங்கள், செங்கல்பட்டு தாண்டிவிட்டால் சிங்கப்பெருமாள்கோயில் முதல் பெருங்களத்தூர் வரைக்கும் நெரிசலில் வண்டி ஊர்ந்துதான் வரும்.