சுங்கை சிப்புட் இரும்புக்கடையில் வாங்கிய நியோடிமியம் காந்தம்: என் அனுபவம்

எங்கள் டயர் கடைக்கு வருவதில் பாதி, செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளும் தோட்டத்து டிராக்டர்களும்தான். கழற்றிய டயரிலிருந்து விழும் ஆணியும் கம்பித் துண்டும் வாசலிலேயே கிடந்து அடுத்த வண்டியைக் குத்தும். அதற்காகத்தான் பட்டணத்து இரும்புக்கடையில் இந்த வட்டக் காந்தத்தை வாங்கினேன். இரும்புக் கிண்ணத்துக்குள் நியோடிமியம் காந்தம், மேலே கயிறு கட்ட வளையம். அறுபது வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே.

வாங்கிய வேலைக்குக் குறை சொல்ல முடியாது. கயிறு கட்டி வாசலில் இழுத்தால் மண்ணில் புதைந்த ஆணியும் எழுந்து வந்து ஒட்டும். காந்தத்தை ஒரு பழைய துணிப்பைக்குள் போட்டு இழுங்கள். பிறகு காந்தத்தை வெளியே எடுத்தால் ஆணியெல்லாம் தானாக உதிரும்.

டப்பாவில் 120 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. அது தடித்த, வழவழப்பான இரும்பில் நேராக இழுத்தால் வரும் கணக்கு. சாயம் அடித்த மெல்லிய தகரத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும்.

சூடுதான் இதன் எதிரி. சாதாரண ரகம் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். மின்கார் மோட்டார்க் காந்தம் சூடு தாங்குவதற்கு டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் பாறையை உடைத்து வருபவை அல்ல, களிமண்ணிலிருந்து வருபவை. கருங்கல் மலை வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக உளுத்துக் களிமண்ணாகும்போது, கரைந்து வந்த அரிய மண் தனிமங்கள் (நியோடிமியம், டிஸ்புரோசியம், டெர்பியம் எல்லாம் இந்த வகைதான்) களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அளவு என்னவோ ஆயிரத்தில் ஒரு பங்கு, சில இடத்தில் அதற்கும் கீழே. ஆனால் அம்மோனியம் சல்பேட் கரைசலை விட்டால் கழன்று வந்துவிடும். ஆமாம், தோட்டத்தில் உரமாகப் போடுகிறோமே, அதேதான். சீனாவின் கான்சோ பகுதியில் 1969-இல் இப்படிப்பட்ட களிமண் படிவைக் கண்டுபிடித்தார்கள். நம் பேராக்கில் கிரிக் பக்கம் கெனெரிங்கில் இந்தக் கரைசல் முறையில் முன்னோட்டத் திட்டமே நடந்தது. பதப்படுத்தாத அரிய மண்ணை மலேசியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப 2024 ஜனவரி 1 முதல் தடையும் வந்தது.

அப்புறம் சும்மா இருக்க முடியுமா? கிரிக் பக்கம் லோரி ஓட்டும் ஒருவரிடம் சொல்லி மலைச்சரிவுச் செம்மண் ஒரு பை வரவழைத்தேன். காயவைத்துப் பொடித்துக் காந்தத்தைக் காட்டினால் ஒன்றும் அசையவில்லை. அசையவும் செய்யாது. அந்தத் தனிமங்கள் மணியாக இருந்தால்தானே காந்தம் பிரித்தெடுக்கும்? இவை களிமண்ணோடு ஒட்டிய அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள். அந்த மண்ணில் அவை இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூட இந்தக் காந்தம் உதவாது.

அமாங் வேறு கதை. வெள்ளீயம் அலசி எடுத்தபின் மிஞ்சும் கறுப்பு மணல் அது. கம்பார் பக்கம் அமாங் ஆலையில் வேலை செய்த என் சித்தப்பா ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் வைத்திருந்தார். பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கு மசியாத அந்த மணல் இதற்குக் கொத்தாக எழுந்தது. அது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். அடியில் தங்கிய மஞ்சள் மணிகளைக் காட்டி, “இதுதான்டா மோனசைட்” என்றார் சித்தப்பா. அரிய மண் தனிமங்கள் அடங்கிய கனிமம் அது, நியோடிமியம் இருப்பது அதில்தான். ஆலையில் இதைவிட வலுவான காந்த இயந்திரம் வைத்துத்தான் அதைப் பிரிப்பார்களாம். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு, அதனால் போத்தலை வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஈப்போ பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலை 1982-இல் தொடங்கி, கதிரியக்கக் கழிவுப் பிரச்சினையால் 1994-இல் மூடப்பட்டது.

சரி, வாங்கலாமா? ஆணி பொறுக்க, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கத் தாராளமாக வாங்கலாம். நிக்கல் பூச்சு உரிந்தால் உள்ளே துருப் பிடிக்கும், துடைத்து வையுங்கள். இதயத்தில் கருவி பொருத்தியவர் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். கடையில் இதைவிடப் பெரிய ரகமும் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் தனியாளால் கழற்ற முடியாது, விரல் இடையில் மாட்டினால் நசுங்கும். என்னைக் கேட்டால் சின்னதே போதும்.